சதாம் உசேன்: உள்ளே போவதா, வேலி போட்டு நிறுத்துவதா?

இந்த எபிசோடு எங்க ஊர் வீட்டுத் திண்ணையில ஆரம்பிக்குது.

எங்க பெரியப்பா 1990-ல் குவைத்தில் ஏசி மெக்கானிக்கா இருந்தார். ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலையில் எழுந்து பார்த்தா நகரத்துக்குள்ள இராக் ராணுவம். சேர்த்து வெச்ச பணம் பேங்கில் மாட்டிக்கிச்சு. பஸ் பிடிச்சு, இராக்கைத் தாண்டி, ஜோர்டான் பாலைவன முகாமில் பல நாள் காத்திருந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்தார். ஒரே ஒரு ரெக்ஸின் பையோட ஊருக்குள்ள வந்து இறங்கினதா பெரியம்மா இன்னும் சொல்லுவாங்க. அவரைப் போல சுமார் 1,70,000 இந்தியர்கள் அந்த இரண்டு மூன்று மாதங்களில் அப்படித்தான் திரும்பி வந்தார்கள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, 2003 இராக் போர் எவ்வளவு பெரிய தப்புன்னு நான் பேச ஆரம்பிச்சேன். பெரியப்பா நடுவுல நிறுத்தினார். "தம்பி, தப்பு 2003-ல இல்ல. 91-லயே பாக்தாத் வரைக்கும் போய் முடிச்சிருக்கணும். பாம்பை அடிச்சுட்டுப் பாதியில விட்டுட்டாங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரல. ஏன்னா அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. பக்கத்து நாட்டைப் பிடிக்கிற, சொந்த மக்கள் மேலேயே விஷ வாயு போடுற ஒரு சர்வாதிகாரியை என்ன செய்யணும்? படையோட உள்ளே போய் இறக்கணுமா? இல்ல சுத்தி வேலி போட்டு, ஆட விடாம வெச்சிருந்தா போதுமா? உலகம் இந்தக் கேள்வியோட 1991-லிருந்து 2003 வரைக்கும் 12 வருஷம் மல்லுக்கட்டியது. இன்னைக்கு அந்தக் கதைதான்.

வேலி என்கிற யோசனை

இந்த வேலிக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் கன்டெய்ன்மென்ட். இதைக் கொள்கையாக வடித்தவர் ஜார்ஜ் கென்னன், அமெரிக்கத் தூதரக அதிகாரி. 1946-ல் மாஸ்கோவிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு மிக நீண்ட தந்தி அனுப்பினார். மறு வருஷம் தன் பெயரைப் போடாமல் ஒரு கட்டுரையும் எழுதினார். சாரம் இதுதான்: சோவியத் யூனியனோடு போருக்குப் போக வேண்டாம், விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அது பரவப் பார்க்கும் இடத்திலெல்லாம் பொறுமையாகத் தடுத்துக்கொண்டே இருங்கள். உள்ளே இருக்கிற பலவீனங்கள் காலப்போக்கில் அதை மாற்றும்.

கேட்க எளிமையா இருக்கு. ஆனா இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. வேலி நல்லா வேலை செஞ்சா, எதுவுமே நடக்காது. நடக்காத ஒண்ணை எப்படிச் சாதனைன்னு காட்டுவீங்க? இதை மனசுல வெச்சுக்கங்க.

1991: பாதியில் நின்ற போர்

1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கூட்டணி விமானத் தாக்குதலைத் தொடங்கியது. பிப்ரவரி 24 அன்று தரைப்படை இறங்கியது. நூறு மணி நேரத்தில் குவைத் விடுதலை. கூட்டணிப் படையின் ஒரு பகுதி அப்போது தெற்கு இராக்குக்குள்ளேயே நின்றது. ஆனாலும் அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ், நிறுத்தச் சொன்னார்.

காரணங்கள் இருந்தன. ஐ.நா. கொடுத்த அனுமதி குவைத்தை மீட்பதற்கு மட்டும்தான். கூட்டணியில் இருந்த அரபு நாடுகள் ஒரு அரபுத் தலைநகரைப் பிடிக்கச் சம்மதித்திருக்காது. சதாமை எடுத்துவிட்டு அங்கே யாரை உட்கார வைப்பது? நாடு துண்டு துண்டாக உடைந்தால் லாபம் யாருக்கு, ஈரானுக்கா? 1994-ல் ஒரு பேட்டியில் இதே காரணங்களை ஒருவர் வரிசையாக அடுக்கி, பாக்தாத் போகாததே சரி என்று வாதாடினார். அவர் 1991 போரின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த டிக் செய்னி. பெயரை ஞாபகம் வெச்சுக்கங்க, மறுபடி வருவார்.

ஆனா பெரியப்பா பக்கமும் ஒரு கனமான உண்மை இருக்கு. அந்த பிப்ரவரியில், சதாமை இறக்கும் வேலையை இராக் மக்களே கையில் எடுக்க வேண்டும் என்று புஷ் வெளிப்படையாகச் சொன்னார். மக்கள் நம்பினார்கள். மார்ச் மாதம் தெற்கில் பஸ்ரா, நஜஃப், கர்பலாவில் ஷியாக்களும், வடக்கில் குர்துகளும் எழுந்தார்கள். 18 மாகாணங்களில் 14 அரசின் கையை விட்டுப் போயின. போர்நிறுத்தப் பேச்சில், ஹெலிகாப்டர் மட்டும் பறக்கவிட அனுமதி வேண்டும் என்று இராக் தளபதிகள் கேட்க, அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காஃப் சரி என்றிருந்தார். அதே ஹெலிகாப்டர்கள் கிளர்ச்சிக்காரர்களைச் சுட்டுத் தள்ளின. பல பத்தாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். லட்சக்கணக்கான குர்துகள் பனி மலைகளைத் தாண்டி துருக்கிக்கும் ஈரானுக்கும் ஓடினார்கள். 1988-ல் ஹலாப்ஜா ஊரில் விஷ வாயுவால் சுமார் 5,000 பேரைப் பறிகொடுத்த சனம் அது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே ஓடுவார்கள்.

"உள்ளே போகல" என்கிற முடிவுக்கும் பிணங்கள் உண்டு. இதைச் சொல்லாம 2003-ஐ மட்டும் திட்டினா அது பாதி வரலாறு.

வேலி எப்படி இருந்தது?

அதன் பிறகு போட்ட வேலிக்கு மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, பொருளாதாரத் தடை. குவைத் படையெடுப்பு நடந்த நான்காம் நாளே ஐ.நா. விதித்தது, போருக்குப் பிறகும் தொடர்ந்தது. இரண்டாவது, ஆயுத ஆய்வாளர்கள். ரசாயனம், உயிரியல், அணு ஆயுதம், நீண்ட தூர ஏவுகணை எல்லாவற்றையும் இராக் ஒழிக்க வேண்டும், ஐ.நா. குழு நேரில் சரிபார்க்கும். மூன்றாவது, வானத்தில் வேலி. வடக்கிலும் தெற்கிலும் இராக் விமானங்கள் பறக்கத் தடை, அமெரிக்க பிரிட்டன் போர் விமானங்கள் ரோந்து.

பலன் இருந்ததா? நிஜமாவே இருந்தது. வடக்கு வானம் மூடப்பட்டதால் குர்துகள் 1992-லேயே தங்கள் பகுதியில் தேர்தல் நடத்தினார்கள். கால்நடைத் தீவனம் செய்கிறோம் என்று இராக் சொன்ன அல் ஹகம் தொழிற்சாலை உண்மையில் ஆந்த்ராக்ஸ் தயாரித்த இடம் என்று ஆய்வாளர்கள் தோண்டி எடுத்தார்கள். 1996-ல் அதைத் தரைமட்டமாக்கினார்கள். சதாமின் மருமகன் ஹுசைன் கமெல் 1995-ல் ஜோர்டானுக்குத் தப்பி ஓடி, பழைய ஆயுதங்களையெல்லாம் அழித்தாகிவிட்டது என்று ஐ.நா. அதிகாரிகளிடம் சொன்னார். ஆறு மாதம் கழித்து, மன்னிப்புக் கிடைக்கும் என்று நம்பி நாடு திரும்பினார். வந்த சில நாளிலேயே கொல்லப்பட்டார்.

ஆனா இந்த வேலிக்கு வாடகை கட்டினது யார்? வாஷிங்டன் இல்ல, சதாமும் இல்ல. அவர் அரண்மனை கட்டிக்கொண்டுதான் இருந்தார். உணவில் பெரும்பகுதியை வெளியே வாங்கிச் சாப்பிட்ட நாடு அது. ஆசிரியர்களின் மாதச் சம்பளம் சில டாலருக்குச் சுருங்கியது. நடுத்தரக் குடும்பங்கள் வீட்டில் இருந்த புத்தகத்தையும் நாற்காலியையும் விற்றன. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்ட எண்ணிக்கை நம்பத் தகுந்ததல்ல, அந்தக் கணக்கெடுப்புத் தரவில் சதாம் அரசே கைவைத்திருந்தது என்று 2017-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் கஷ்டம் பொய்யில்லை. எண்ணெயை விற்று உணவு வாங்க ஐ.நா. அனுமதித்த திட்டம் 1996 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதை பாக்தாத்தில் இருந்து நடத்திய டெனிஸ் ஹாலிடே 1998-ல் தடைகளைக் கண்டித்து ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000-ல் அதையே செய்தார்.

1998-ல் வேலியில் ஓட்டையும் விழுந்தது. சதாம் ஒத்துழைக்க மறுக்க, ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் நான்கு நாள் குண்டு போட்டன. அதற்கப்புறம் நான்கு வருஷம் இராக்குக்குள் ஆய்வாளர்களே இல்லை.

2002: இரண்டு தரப்பு

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கா ரிஸ்க்கைப் பார்க்கிற விதமே மாறிப்போச்சு. அந்தத் தாக்குதலில் இராக்குக்குப் பங்கு இல்லை. ஆனால் "அடுத்தது அணுகுண்டாக இருந்தால்?" என்ற பயம் உண்மையானது.

உள்ளே போகணும்னு சொன்னவங்க வாதத்தை நியாயமா வைக்கிறேன். ஒன்று, தடைகள் கசிகின்றன, எண்ணெய் கடத்தல் நடக்கிறது, பிரான்சும் ரஷ்யாவும் தளர்த்தச் சொல்கின்றன, வேலி ரொம்ப நாள் நிற்காது. இரண்டு, அணுகுண்டு வந்த பிறகு இந்த ஆளைத் தொட முடியாது, செய்வதானால் இப்போதே. மூன்று, இதுதான் என்னை யோசிக்க வைப்பது: இப்படியே விட்டால் இராக் மக்கள் பட்டினியும் சித்திரவதையும் சேர்ந்த வாழ்க்கையில் காலத்துக்கும் கிடப்பார்கள். கனான் மக்கியா என்ற இராக்கிய எழுத்தாளர் சதாமின் அச்ச ஆட்சியைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர். அவர் போரை ஆதரித்தார், விடுதலை தரும் படையை மக்கள் வரவேற்பார்கள் என்று நம்பினார். அவரை எண்ணெய் ஆசை பிடித்தவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

மறுபக்கம் இருந்தவர்கள் வெறும் அமைதிவாதிகள் இல்லை. 1991-ல் அப்பா புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரென்ட் ஸ்கோக்ராஃப்ட், 2002 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் சதாமைத் தாக்காதீர்கள் என்று எழுதினார். சதாம் கொடூரர், ஆனால் பிழைக்கத் தெரிந்தவர், தன் அழிவைத் தானே தேடிக்கொள்ள மாட்டார் என்பது இந்தத் தரப்பின் அடிப்படை. சர்வதேச அரசியல் பேராசிரியர்கள் மியர்ஷைமரும் வால்ட்டும் இதே கோணத்தில் தேவையற்ற போர் என்று வாதிட்டார்கள். ஜார்ஜ் கென்னன் அப்போதும் உயிரோடு இருந்தார், வயது 98. போரைத் தொடங்குகிறவர் நினைத்த இடத்தில் அது முடியாது என்று அந்த செப்டம்பரில் எச்சரித்தார்.

ஸ்கோக்ராஃப்ட் எழுதிய சில நாளிலேயே துணை அதிபர் மேடையேறி, ஆய்வாளர்களைத் திரும்ப அனுப்புவது பொய்யான நிம்மதியைத்தான் தரும் என்றார். ஆமாம், அதே டிக் செய்னி. 1994-ல் அவர் கேட்ட கேள்விகளுக்கு 2002-லும் பதில் இல்லை. அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

அக்டோபரில் போர் அதிகாரத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23 என்று நிறைவேறியது.

மார்ச் 2003: வேலி உறுதியாக இருந்த நாள்

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

2002 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை 15-க்கு 0 என்று தீர்மானம் போட்டது. அமெரிக்கப் படைகளும் வளைகுடாவில் குவிய ஆரம்பித்தன. பயந்துபோன சதாம் கதவைத் திறந்தார். ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஆய்வாளர்கள் திரும்ப உள்ளே போனார்கள். சில மாதங்களில் 700-க்கும் மேற்பட்ட ஆய்வுகள். அனுமதித்த 150 கிலோமீட்டர் தூரத்தைத் தாண்டிப் பறந்த அல் சமூத் ஏவுகணைகளைக் கண்டுபிடித்து, சுமார் 70 ஏவுகணைகளை மார்ச் மாதம் உடைத்தார்கள். அணு ஆயுதத் திட்டம் மறுபடி உயிர் பெற்றதற்கு ஆதாரம் இல்லை என்று மார்ச் 7 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் எல்பராடே பாதுகாப்பு சபையில் சொன்னார்.

கவனிங்க. படையெடுப்பு மிரட்டலும் வேலியும் எதிரெதிர் இல்லை. மிரட்டல்தான் வேலிக்கு முள்ளா இருந்தது. ஆனா முள்ளுக்கு ஒரு கெடு இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல படையைப் பாலைவனத்துல கொண்டுவந்து நிறுத்திட்டா ரொம்ப நாள் காத்திருக்க முடியாது. வெயில் வரும், செலவு ஏறும், கௌரவப் பிரச்சினை வரும். பேரம் பேசக் கொண்டுவந்த படையே முடிவை எடுக்க ஆரம்பிச்சிடும்.

பிரிட்டனில் மார்ச் 17 அன்று மூத்த அமைச்சர் ராபின் குக் பதவி விலகினார். நாடாளுமன்றத்தில் அவர் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது. இராக் ராணுவம் பலவீனமாக இருப்பதால்தானே இவ்வளவு சுலபமாகப் படையெடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறோம்? அப்படியென்றால் அது எப்படி நமக்கு உடனடி ஆபத்து? மறுநாள் அதே சபை 412-க்கு 149 என்று போருக்கு வாக்களித்தது. மார்ச் 20 அதிகாலை பாக்தாத்தில் குண்டுகள் விழுந்தன.

அடுத்த நாள் காலை

மூன்று வாரத்தில் பாக்தாத் விழுந்தது. போர் சுலபம்தான்.

போருக்கு முன்பே, இராக்கை நிர்வகிக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று தரைப்படைத் தலைவர் ஷின்செகி அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். அவருடைய மேலதிகாரிகளே அதைக் கேலியாகத் தள்ளினார்கள். மே 23 அன்று அமெரிக்க நிர்வாகம் இராக் ராணுவத்தை மொத்தமாகக் கலைத்தது. ஒரே உத்தரவில் சில லட்சம் பேர் வேலையிழந்தார்கள். எல்லோருக்கும் ஆயுதப் பயிற்சி இருந்தது. இந்தியாவையும் படை அனுப்பக் கேட்டார்கள், ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று அந்த ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது.

பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் கிடைக்கவில்லை. 1991-லேயே பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டது என்று 2004-ல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே அறிக்கை கொடுத்தது. இல்லாத ஆயுதம் இருப்பது போல ஏன் சதாம் பாவனை காட்டினார்? ஈரான் பயம். பக்கத்து எதிரிக்குப் போட்ட வேஷத்தை தூரத்து எதிரி நிஜம் என்று எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு மதக் குழுக்களுக்கு இடையே ரத்தக்களரி. பதிவான பொதுமக்கள் மரணங்களே ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். சுமார் 4,400 அமெரிக்க வீரர்களும் இறந்தார்கள். 2014-ல் மோசுல் நகரை ஐ.எஸ். பிடித்தபோது, அதன் தளபதிகளில் பலர் சதாம் ராணுவத்தின் பழைய அதிகாரிகள். 2016-ல் வெளிவந்த பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை, அந்த மார்ச் மாதத்தில் போர் கடைசி வழியாக இருக்கவில்லை, கட்டுப்படுத்தும் உத்தியை மாற்றியமைத்து இன்னும் சில காலம் தொடர்ந்திருக்கலாம் என்றது.

டிக்கெட்டே இல்லாத சிஸ்டம்

எனக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒண்ணு சொல்றேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் பழைய பில்லிங் சிஸ்டம் இருந்தது. தினமும் ஒரு பிரச்சினை, ராத்திரி இரண்டு மணிக்கு போன். ஒருநாள் டீம் முடிவு பண்ணுச்சு, தூக்கிப் போட்டுட்டு முதலிலிருந்து எழுதுவோம்னு. மீட்டிங்கில் ஒப்பிட்டப்போ பழசுக்கு 400 டிக்கெட், புதுசுக்கு பூஜ்யம். யாரும் கேட்கல, புதுசுக்கு ஏன் பூஜ்யம்? ஏன்னா அது இன்னும் பிறக்கவே இல்ல. பிறந்த பிறகு நாங்க பட்ட பாட்டை இன்னொரு நாள் சொல்றேன்.

2002-ல் வேலியின் குறைகள் எல்லாம் கண் முன்னால் இருந்தன: கசிவு, கடத்தல், பசி. போரின் குறைகள் எல்லாம் எதிர்காலத்தில் இருந்தன, அதனால் கணக்கில் வரவில்லை. வேலியின் வெற்றியோ, நான் முதல்ல சொன்ன மாதிரி, கண்ணுக்கே தெரியாதது. கிடங்குகள் காலியாக இருந்தன என்பதுதான் அந்த வெற்றி. உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது. 

ஆனா சர்வர் வேற, மனுஷங்க வேற. "வேலி வேலை செஞ்சது"ன்னு நான் சென்னையில ஏசி ரூம்ல உட்கார்ந்து சொல்லலாம். பஸ்ராவில் புத்தகத்தை விற்ற வாத்தியார் கிட்ட அதைச் சொல்ல முடியுமா? அதனால என் முடிவு இது: வேலிதான் சரின்னா, அதன் வலி சாதாரண சனத்தின் மேல விழாம ஆட்சியாளர் மேல விழுற மாதிரி மாத்திக்கிட்டே இருக்கணும். அந்த வேலை 12 வருஷமும் அரைகுறையாத்தான் நடந்துச்சு. அதுவே கடைசியில் போர் கேட்டவர்களுக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தது.

உள்ளே போவது எப்பவுமே தப்புன்னும் நான் சொல்லல. 1979-ல் தான்சானியா படை கம்பாலாவுக்குள் போய் இடி அமினை விரட்டியது. அதே வருஷம் வியட்நாம் படை போல் பாட்டின் ஆட்சியைக் கவிழ்த்தது. அந்தந்த இடத்துக் கணக்கு வேற.

இதையெல்லாம் பெரியப்பாவுக்கு போன்ல சொன்னேன். பொறுமையா கேட்டார். கடைசில, "சரிப்பா, 91-ல உள்ள போயிருந்தாலும் இதே கதிதான் ஆகியிருக்குமோ என்னவோ. ஆனா அந்த சனங்களை எழுந்திருங்கன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போனாங்க பாரு, அதுக்கு என்ன பதில் வெச்சிருக்க?" என்று கேட்டார்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல மக்களே. உதவிக்கு வரமாட்டோம்னு தெரிஞ்சே எழுந்திருக்கச் சொல்றது வேலியும் இல்ல, போரும் இல்ல. அதை நியாயப்படுத்த எந்தக் கொள்கையிலும் இடம் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. உங்க வீட்டிலும் வளைகுடாவிலிருந்து ஒரு பையோட திரும்பி வந்தவங்க இருந்தா, இந்த எபிசோடைப் போட்டுக் காட்டி அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோடுல இடி அமின் கதை. கம்பாலாவில் சந்திப்போம்.